சப்ஜா டப்பாவுக்குள் ஒரு தோட்டம்: திருநீற்றுப்பச்சிலையை வளர்க்க, சமைக்க, குடிக்க முழு வழிகாட்டி

பேரங்காடிக் குளிர்பெட்டியிலிருந்து ‘ஸ்வீட் பேசில்’ என்று ஒட்டிய சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாங்கி வந்தேன். பாஸ்தாவுக்கு நாலு இலை போட்டது போக, மீதியைக் கொத்தமல்லியை வைப்பதுபோல் தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். இரண்டாம் நாள் பிரித்துப் பார்த்தால் இலையெல்லாம் கரி பூசினாற்போல் கிடந்தது. குப்பையில் போடப் போனபோது அம்மா ஒரு காம்பை எடுத்துக் கசக்கி மோந்து பார்த்தார். “இது திருநீத்துப்பச்சை இல்லியா? இதப் போயி காசு குடுத்தா வாங்குன? டப்பாவுல சப்ஜா கெடக்கு பாரு, தூவி விட்டா மொளைச்சிட்டுப் போவுது.”

அம்மா சொன்னது முழுக்கச் சரி. இத்தாலியச் சமையலின் பேசிலும், ஃபலூடாவில் மிதக்கும் சப்ஜா விதையும் ஒரே செடியின் இலையும் விதையும்தான். சிங்கப்பூரின் தேக்காச் சந்தையில் சில வெள்ளிக்கு வாங்கிய சப்ஜா பாக்கெட் உங்கள் சமையலறையில் இருந்தால், ஒரு தோட்டமே அதற்குள் இருக்கிறது. அதை வெளியே எடுப்பதில் தொடங்கி, இலையை என்ன செய்வது, விதையை எப்படி ஊறவைப்பது, மருந்து என்று எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது வரை படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஆளை அடையாளம் காணுங்கள்

தமிழில் திருநீற்றுப்பச்சிலை, திருநீற்றுப்பச்சை, உருத்திரச்சடை என்று பல பெயர். தாவரவியலில் ஓசிமம் பசிலிகம். 1753இல் லின்னேயஸ் சூட்டிய பெயர் அது. ‘அரசனுக்குரியது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சப்ஜா என்பது ‘பச்சை’ என்று பொருள்படும் பாரசீகச் சொல்லான ‘சப்ஸா’விலிருந்து வந்தது. புதினா, துளசி, கற்பூரவள்ளி எல்லாம் இதற்கு ஒரே குடும்பத்துச் சொந்தங்கள். இந்தக் குடும்பத்துச் செடிகளின் தண்டைப் பெரும்பாலும் விரலால் உருட்டிப் பார்த்தாலே சதுரமாக இருப்பது தெரியும்.

சிங்கப்பூரில் குழப்பம் இன்னும் ஒரு சுற்றுக் கூடுதல். எங்கள் தளத்தில் இந்தச் செடியைப் பார்த்த பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா), “செலாசிதானே!” என்றார். மின்தூக்கிப் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ‘ஜியூ செங் தா’ என்றார். ஒன்பது அடுக்குக் கோபுரம் என்று அர்த்தம். பூங்கதிரைப் பார்த்தால் அந்தப் பெயர் ஏன் என்று புரியும்: கதிரைச் சுற்றிப் பூக்கள் வளையம் வளையமாக, மாடத்தின்மேல் மாடம் வைத்தாற்போல் ஏறிப் போகும். எங்கள் தளத்தில் நாலு வீடு நடந்தால் ஒரு செடிக்கு மூன்று பெயர்.

கடையில் வாங்கும்போது கீழ்க்கண்டவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இத்தாலிய வகை: இலை பெரிது, பளபளப்பு, கரண்டிபோல் உள்ளே குவிந்திருக்கும். தண்டு பச்சை, பூ வெள்ளை. வாசனை இனிப்பும் லேசான கிராம்பும் கலந்தது.

தாய்லாந்து வகை: இலை ஒடுங்கிக் கூராக இருக்கும், தண்டும் பூவும் ஊதா. கசக்கினால் சோம்பு வாசனை தூக்கும். தாய் மொழியில் ஹோரபா. பச்சைக் கறியில் மிதப்பது இதுதான். இதுவும் அதே ஓசிமம் பசிலிகம்தான்.

கெமாங்கி: வெளிர்ப்பச்சை, எலுமிச்சை வாசனை. இது கலப்பினம். மலாய், இந்தோனேசியச் சாப்பாட்டில் பச்சையாக வைப்பார்கள்.

துளசி: இது வேறு இனம். தண்டிலும் இலையிலும் பூனைமயிர் இருக்கும், இலையோரம் பற்கள் தெளிவாகத் தெரியும், பளபளப்பு இருக்காது. தாய் உணவகங்களில் ‘பாட் கப்ராவ்’ என்று மிளகாயும் பூண்டும் போட்டு வறுத்துத் தருகிறார்களே, அதற்குரிய இலை நம் வீட்டுத் துளசியின் இனம்தான். இதை முதலில் கேட்டபோது எங்கள் அம்மா ஒரு நிமிடம் பேசவில்லை.

சப்ஜா பாக்கெட்டிலிருந்து முளைப்பது பெரும்பாலும் சின்ன இலைச் செடியாக, வாசனை சற்றுக் காட்டமாக வரும். இத்தாலிய வகையின் பெரிய இலை வேண்டுமென்றால் நாற்றங்காலில் அதற்கென்று விதை வாங்குங்கள். துவையலுக்கும் தேநீருக்கும் எனக்குச் சப்ஜாச் செடியே பிடிக்கிறது.

படி 2: வாங்கிய இலையைச் சாகடிக்காமல் வைத்திருங்கள்

பேசில் வெயில் நாட்டுச் செடி. ஏறத்தாழ 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் இலையின் உயிரணுக்கள் உடைந்து கறுத்துவிடும். நம் குளிர்சாதனப் பெட்டியோ 4 பாகையில் ஓடுகிறது. ஆகவே கொத்தமல்லிக்குச் செய்வதை இதற்குச் செய்யாதீர்கள்.

காம்போடு வாங்கினால் அடியை ஒரு விரற்கடை வெட்டிவிட்டு, பூங்கொத்து வைப்பதுபோல் தம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். அடுப்புக்கும் வெயிலுக்கும் தள்ளி, சமையல் மேடையிலேயே இருக்கட்டும். நாலைந்து நாள் தாங்கும். பல சமயம் வேரும் விட்டுவிடும். அந்தக் கதைக்கு அடுத்து வருகிறேன். சமைக்கப் போகும்போது மட்டும் கழுவுங்கள். ஈரத்தோடு வைத்த இலை அழுகும்.

சின்னத் தொட்டியோடு விற்கும் பேசில் வாங்கியவர்கள் எல்லாரும் சொல்லும் புகார்: “பத்து நாள்ல செத்துப்போச்சு.” உங்கள் கைராசியைக் குறை சொல்லவேண்டாம். தொட்டி நிறைந்து தெரிவதற்காக ஒரு கைப்பிடி மண்ணில் பத்து, இருபது நாற்றுகளை நெருக்கி வளர்த்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் நனைத்து, வேர்க்கட்டியை மெல்லப் பிரித்து நாலு பங்காக்கி நாலு தொட்டியில் நடுங்கள். அன்றைக்கு மட்டும் துவண்டு நிற்கும். இரண்டு நாள் நிழலில் வைத்தால் எழுந்துவிடும்.

படி 3: வளர்க்கத் தொடங்குமுன் வெயிலையும் விதியையும் பாருங்கள்

நம் தீவில் பகல் வருடம் முழுக்க ஏறத்தாழ 12 மணி நேரம். பருவம் பார்த்து விதைக்கும் வேலை கிடையாது. ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வெயில் எங்கே விழுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். பேசிலுக்குத் தினமும் நாலு முதல் ஆறு மணி நேரம் நேர்வெயில் வேண்டும். சூரியன் ஜூனில் வடக்கே சாய்கிறது, டிசம்பரில் தெற்கே சாய்கிறது. எங்கள் தாழ்வாரம் வடக்கு பார்த்தது; மே முதல் ஆகஸ்டு வரை கைப்பிடிச் சுவர் தாண்டி வெயில் அடிக்கும், ஆண்டுக் கடைசியில் வெளிச்சம் மட்டும்தான். அந்த மாதங்களில் செடி நெட்டையாக வளர்ந்து இலை சிறுத்துவிடும். அதனால் நவம்பரில் தொட்டியைத் துணி காயும் ஜன்னல் பக்கம் மாற்றிவிடுவேன். கிழக்கு பார்த்த தாழ்வாரம் உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அப்புறம் விதி. பொதுத் தாழ்வாரத்தில் தீ விபத்தின்போது ஆட்கள் ஓட 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்கவேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் கணக்கு. தொட்டி வைத்தபின் அளவுநாடாவால் ஒருமுறை அளந்துவிடுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே வைக்காதீர்கள். பத்தாம் மாடியிலிருந்து ஒரு தொட்டி விழுந்தால் கீழே நடப்பவர் கதி என்ன?

வீட்டில் வெயிலே இல்லாதவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். புளோக் அடியில் சமூகத் தோட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டம் 2005இல் தொடங்கியது, இப்போது பல பேட்டைகளில் அப்படித் தோட்டங்கள் உள்ளன. பேசில், பாண்டான், கறிவேப்பிலை இல்லாத சமூகத் தோட்டத்தை நான் பார்த்ததில்லை.

படி 4: விதையிலிருந்து

ஒரு வெள்ளைத் தட்டில் கால் தேக்கரண்டி சப்ஜாவைக் கொட்டி, கல், தூசி பொறுக்குங்கள். ஊறவைக்காத விதையாக இருக்கவேண்டும்.

15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள, அடியில் ஓட்டை உள்ள தொட்டி போதும். மண்கலவையில் மூன்றில் ஒரு பங்கு தேங்காய் நார்த்தூளும் கொஞ்சம் கூட்டுரமும் கலந்துகொள்ளுங்கள். மண்ணை முதலிலேயே நனைத்துவிட்டு, விதையைப் பரவலாகத் தூவி, அதன்மேல் அரை சென்டிமீட்டருக்கும் குறைவாக மண்ணைச் சலித்துத் தூவுங்கள். ஆழப் புதைத்தால் வராது. விதை ஈரம் பட்டதும் தன்னைச் சுற்றி வழுவழு உறை கட்டிக்கொள்ளும், அதுவே அதற்குத் தண்ணீர்த் தொட்டி. காயாமல் தெளிப்பானால் லேசாக நனைத்துவந்தால் போதும்.

நம் வெக்கைக்கு நாலு முதல் ஏழு நாளில் முளைக்கும். முதலில் வரும் இரண்டு விதையிலைகள் பாதி நிலா வடிவில் எதிரெதிரே இருக்கும். அதன்பின் வருவதுதான் உண்மையான இலை. இரண்டு சோடி உண்மையிலை வந்ததும் தொட்டிக்கு மூன்று நாற்று மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்கி ரசத்தில் போடுங்கள். பிடுங்க மனசு வராது. எனக்கும் வரவில்லை. முதல் முறை பதினெட்டு நாற்றை அப்படியே விட்டு, ஒன்றும் உருப்படவில்லை.

படி 5: கிளையிலிருந்து, கொசு இல்லாமல்

இதுதான் சுலபமான வழி. பூக்காத கிளையாகப் பார்த்து, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, ஒரு சாண் நீளத்தில் வெட்டுங்கள். மேலே இரண்டு சோடி இலை மட்டும் வைத்து, கீழிலைகளை எடுத்துவிட்டுத் தண்ணீரில் நிறுத்துங்கள். ஏழு முதல் பத்து நாளில் கணுவில் வெள்ளை வெள்ளையாக வேர் தொங்கும். இரண்டு விரற்கடை நீளம் வந்ததும் மண்ணுக்கு மாற்றலாம்.

இப்போது அந்த ஏழு நாள் கணக்கைக் கவனியுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க ஆகும் காலமும் ஏறத்தாழ ஏழு நாள்தான். நான் ஜன்னலோரத்தில் மூன்று தம்ளர்களை வைத்துவிட்டு வேர் வரட்டும் என்று பேசாமல் இருந்தேன். ஆறாம் நாள் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் வேரோடு சேர்ந்து புழுக்கள் நெளிந்தன. டெங்கி மலிந்த ஊரில் இதைவிட வெட்கம் வேறு என்ன? அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரைக் கொட்டி, தம்ளரின் உட்சுவரை விரலால் தேய்த்துக் கழுவி, புதுத்தண்ணீர் ஊற்றுகிறேன். தேய்ப்பது முக்கியம், முட்டை சுவரில் ஒட்டிக்கொள்ளும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதையும் அவ்வாறே காலி செய்யவேண்டும். தட்டே வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. மேல்மண் இறுகித் தண்ணீர் தேங்கினால் முள்கரண்டியால் கிளறிவிடுங்கள்.

‘பேசில் தொட்டி வைத்தால் கொசு வராது’ என்று நிறையப் பேர் சொல்வார்கள். இலையின் எண்ணெயை வடித்தெடுத்துப் பார்த்தால் அதில் கொசுவை விரட்டும் பொருள்கள் உண்டு, உண்மைதான். ஆனால் சும்மா நிற்கும் செடி அவ்வளவு வாசனையைக் காற்றில் விடுவதில்லை. தட்டில் தண்ணீர் தேங்கிய பேசில் தொட்டி கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி.

படி 6: கிள்ளக் கற்றுக்கொள்ளுங்கள்

பேசில் வளர்ப்பின் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது கிள்ளுவதுதான். செடி 15 சென்டிமீட்டர் வந்ததும் நுனியை, ஒரு இலைச்சோடிக்குச் சற்று மேலே, நகத்தால் கிள்ளுங்கள். குனிந்து அந்தக் கணுவைப் பாருங்கள்: இலைக்காம்பும் தண்டும் சேரும் இடுக்கில் அரிசிமணி அளவில் இரண்டு குருத்து காத்திருக்கும். நுனி போனதும் அவை இரண்டும் கிளையாகும். அந்த இரண்டையும் பிறகு கிள்ளினால் நாலு. தனித்தனி இலையாகக் கீழேயிருந்து பறித்துக்கொண்டே போனால் கடைசியில் மொட்டைக் குச்சியும் மேலே ஒரு குடுமியும்தான் மிஞ்சும்.

ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பூமொட்டு தலைகாட்டினால் உடனே கிள்ளுங்கள், விதைக்கென்று ஒரு செடியை மட்டும் விட்டுவிடுங்கள். பூத்த செடி இலைவேலையை நிறுத்திவிடும், இருக்கும் இலையும் கசக்கும்.

நோயில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஈரக்காற்றுக்கு அதுதான் பெரிய தொல்லை. இலை நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக மஞ்சளித்து, திருப்பினால் அடியில் சாம்பல் தூவினாற்போல் பூஞ்சணம் தெரியும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போடுவோம். அது அடிச்சாம்பல் நோய். அந்தக் கிளைகளை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், கூட்டுரத்தில் போடாதீர்கள். காலையில், வேர்ப்பக்கம் மட்டும் தண்ணீர் விட்டு, செடிகளுக்கு நடுவே காற்றுப்போக இடம் விட்டால் பெரும்பாலும் வராது. மாவுப்பூச்சிக்கு ஈரத்துணியால் துடைத்துவிடுவதோடு சரி.

நாலைந்து மாதத்தில் தண்டு விறகாகிவிடும். அதற்குள் இரண்டு கிளையைத் தண்ணீரில் போட்டு அடுத்த தலைமுறையைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

படி 7: சப்ஜாவை ஊறவைப்பது

எளிய வேலைதான், ஆனால் நிறையப் பேர் அவசரப்படுவது இங்கேதான். ஒரு தேக்கரண்டி விதைக்கு ஒரு கோப்பை, அதாவது 200 மில்லிலிட்டர் தண்ணீர். முதலில் தண்ணீர், அப்புறம் விதை, போட்டவுடனே கலக்கு. விதைமேல் தண்ணீர் ஊற்றினால் தவளைமுட்டைக் கட்டிபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுவில் உலர்ந்தே இருக்கும். சில நிமிடத்தில் ஒவ்வொரு கறுப்புப் புள்ளியையும் சுற்றி வெண்மையான கண்ணாடி வளையம் தெரியத் தொடங்கும். 15 நிமிடம் விடுங்கள். விரலில் எடுத்து நசுக்கினால் வழுக்கிக்கொண்டு ஓடவேண்டும், நடுவில் மட்டும் சிறு நறுக். வடிகட்டி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் இருக்கும்.

சியா விதையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சியா சாம்பலும் பழுப்பும் கலந்து புள்ளி போட்டிருக்கும், மெதுவாக ஊறும். சப்ஜா ஒரே கறுப்பு, நிமிடத்தில் பொங்கும். சியாவைச் சிலர் தயிரில் அப்படியே தூவிச் சாப்பிடுவார்கள். சப்ஜாவை உலர்வாக வாயில் போடவே கூடாது, தொண்டையில் ஒட்டி ஊதிக்கொண்டால் அடைத்துவிடும். சின்னப் பிள்ளைகள், விழுங்கச் சிரமப்படும் முதியவர்கள் விஷயத்தில் இரட்டைக் கவனம்.

எதில் போடலாம்? பண்டோங்கிலும் (ரோஸ் சிரப் கலந்த பால்) ஃபலூடாவிலும் போடுவது வழக்கம்தான். ஆனால் 2 மேசைக்கரண்டி ரோஸ் சிரப்பில் சர்க்கரை 20 கிராமுக்குக் குறையாது. கடையில் விற்கும் பானங்களுக்கு இங்கே ‘நியூட்ரி-கிரேட்’ ஏ முதல் டி வரை தரம் போடுகிறார்கள். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை போனால் டி. வீட்டில் நாம் கலக்கும் ‘குளிர்ச்சியான’ சர்பத் பல சமயம் அந்த டி-யைத்தான் தொடும். உடம்புக்கு நல்லது என்று சப்ஜாவை அதில் போட்டுக் குடிப்பதில் பாதி நன்மை அங்கேயே போய்விடுகிறது. நான் செய்வது: மோர், உப்பு, நசுக்கிய இஞ்சி, இரண்டு பேசில் இலை, ஒரு மேசைக்கரண்டி ஊறிய சப்ஜா. அல்லது கலமான்சி (சின்ன எலுமிச்சை) பிழிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்போடு. தே கடையில் ‘கோசோங்’ (சர்க்கரை இல்லாமல்) என்று கேட்டுப் பழகிய நாக்குக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

படி 8: உடம்புக்கு என்ன செய்கிறது, என்ன செய்யாது

100 கிராம் பச்சை இலையில் 92 கிராம் தண்ணீர், 23 கலோரி. கே வைட்டமின் ஏறத்தாழ 415 மைக்ரோகிராம், கால்சியம் 177 மில்லிகிராம், இரும்பு 3 மில்லிகிராமுக்குச் சற்று மேல். பார்க்கப் பிரமாதம். ஆனால் யார் 100 கிராம் சாப்பிடுகிறார்கள்? ஒரு கைப்பிடி 10 கிராம்தான் வரும். அதில் கணக்கில் சேர்க்கத் தக்கது கே வைட்டமின் மட்டுமே: 40 மைக்ரோகிராம், ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் தேவையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. இரும்புச்சத்துக்கு இதை நம்பாதீர்கள், முருங்கைக்கீரைக்கும் ஈரலுக்கும் போங்கள்.

வாசனையில் இருப்பவை லினலூல், யூஜெனால், சினியோல், எஸ்ட்ராகோல் போன்ற எண்ணெய்ப் பொருள்கள். யூஜெனால் கிராம்பிலும் இருப்பது, எஸ்ட்ராகோல்தான் அந்தச் சோம்பு வாசனைக்குக் காரணம். ரோஸ்மரினிக் அமிலம் என்ற உயிர்வளியேற்ற எதிர்ப்பொருளும் (ஆன்டிஆக்சிடன்ட்) உண்டு. ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் இவை கிருமிகளை அடக்குகின்றன. கிண்ணத்தில் நடப்பது வயிற்றிலும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

விதையின் நன்மை இன்னும் உறுதியானது, காரணமும் எளியது: அந்த வழுவழுப்பு முழுக்க நார்ச்சத்து. மலம் இளகும், வயிறு நிறைந்தாற்போல் இருக்கும், சோற்றோடு சேரும்போது சர்க்கரை இரத்தத்தில் ஏறுவது மெதுவாகும். ஆனால் பலதுறை மருந்தகத்தில் கொடுத்த நீரிழிவு மாத்திரைக்கு இது மாற்று ஆகாது. மாத்திரைகளை வழுவழுப்பு பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு மணி நேர இடைவெளி விடுவது நல்லது. நிறையத் தண்ணீரும் குடிக்கவேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல் கூடும்.

வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். அந்த மருந்து இரத்தம் உறைவதைத் தடுக்கிறது, கே வைட்டமின் உறையவைக்கிறது. பேசிலை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. ஒரு வாரம் துவையல் துவையலாகச் சாப்பிட்டு மறுவாரம் தொடாமல் இருப்பதுதான் ஆபத்து. எப்போதும் சாப்பிடும் அளவு மாறாமல் இருக்கட்டும், புதிதாகத் தொடங்குவதானால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சின்னக் குப்பியில் விற்கும் பேசில் எண்ணெயைக் குடிக்காதீர்கள். எஸ்ட்ராகோல் அதிக அளவில் கொடுக்கப்பட்ட எலிகளுக்கு ஈரலில் கட்டி வந்திருக்கிறது. சமையலில் போடும் இலையில் இருப்பது மிகச் சிறிய அளவு, பயப்பட வேண்டாம். கர்ப்பிணிகள் இலையை உணவாகச் சாப்பிடலாம், எண்ணெய் வேண்டாம்.

படி 9: சமையலில்

ஒரே விதி: அடுப்பை அணைத்தபின் போடு. வாசனையெல்லாம் ஆவியாகும் எண்ணெய். கொதிக்கவிட்டால் பக்கத்து வீட்டுக்குத்தான் மணக்கும், தட்டில் இருக்காது. கத்தியைவிடக் கையால் கிழிப்பது நல்லது. மொண்ணைக் கத்தி நசுக்கிய இடமெல்லாம் கறுக்கும்.

தேநீருக்கு எட்டு, பத்து இலையைக் கையில் தட்டி, கொதி அடங்கிய 200 மில்லிலிட்டர் தண்ணீரில் போட்டு, மூடிவைத்து ஐந்து நிமிடம். மூடி முக்கியம். மூடியைத் திறந்து பார்த்தால் உட்பக்கத்துத் துளிகளில் அத்தனை வாசனையும் நிற்கும், அதையும் கோப்பைக்குள் தட்டிவிடுங்கள்.

துவையல் என் வீட்டில் வாரம் ஒருமுறை. ஒரு மேசைக்கரண்டி உளுந்து, மூன்று காய்ந்த மிளகாய், சிறு துண்டுப் புளி ஆகியவற்றை எண்ணெயில் வறுத்து இறக்குங்கள். அந்தச் சூட்டிலேயே இரண்டு கைப்பிடி இலையைப் போட்டு ஒரு பிரட்டு, வாடினால் போதும். மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த்துருவல், உப்பு, முதலில் வறுத்ததை எல்லாம் கொரகொரப்பாக அரைத்துவிட்டு, இலையைக் கடைசியில் போட்டு இரண்டு சுற்று. பச்சையாக அரைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போகும். அந்த ஒரு பிரட்டுதான் நிறத்தைக் காக்கிறது. ஜெனோவாக்காரர்களின் பெஸ்டோவும் நம் பார்வையில் ஒரு துவையல்தான், உளுந்துக்குப் பதில் பைன் பருப்பு, தேங்காய்க்குப் பதில் பாலாடைக்கட்டி.

மற்றபடி நெத்திலி போட்டுப் பொரித்த முட்டையில், தக்காளி ரசத்தை இறக்கும்போது, கோழி வறுவலின் மேல். உணவங்காடியில் ஹக்கா மக்களின் ‘தண்டர் டீ’ சோறு கிடைத்தால் சாப்பிட்டுப் பாருங்கள், அந்தப் பச்சை ரசத்தில் பேசிலும் அரைபட்டிருக்கும்.

மிஞ்சிய இலையைக் காயவைக்க முயலாதீர்கள். நம் காற்றில் காய்வதற்குள் பூசணம் பிடிக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டு அரைத்து, ஐஸ் அச்சில் ஊற்றி உறையவையுங்கள். பூண்டும் பேசிலும் ஊறிய எண்ணெயைப் போத்தலில் அலமாரியில் வைக்கும் பழக்கம் வேண்டாம். காற்றில்லாத அந்த எண்ணெயில் போட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் நச்சு உருவாகலாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

படி 10: கை வைத்தியத்தில் எது வரை

சளி பிடித்தால் பத்து இலை, நாலு மிளகு, ஒரு துண்டு இஞ்சி தட்டிப்போட்டுக் கஷாயம். தொண்டைக்கு இதமாக இருக்கும், மூக்கு கொஞ்சம் திறக்கும். சளி தன் பாட்டுக்கு ஒரு வாரத்தில் போகும். தேன் கலந்தால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தரக்கூடாது. ஆவி பிடிக்கும்போது கொதிக்கும் பாத்திரத்தைப் பிள்ளைகள் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பருவுக்கு இலைச்சாற்றில் வசம்புத்தூள் குழைத்துப் பூசுவது ஊர் வழக்கம். பூசுவதானால் முதலில் முழங்கையின் உட்புறம் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள், அரித்தால் விட்டுவிடுங்கள். காதுவலிக்குச் சாறு விடுவது, கண்ணில் தூசி விழுந்தால் சப்ஜா விதையைப் போடுவது இரண்டையும் என் பாட்டி செய்திருக்கிறார். நான் செய்யமாட்டேன். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் வெளியிலிருந்து தெரியாது.

படி 11: டப்பாவை மறுபடி நிரப்புங்கள்

விதைக்கென்று விட்ட செடியில் பூ உதிர்ந்து கதிர் பழுப்பானதும், காலையில் பனி ஈரம் காய்ந்தபின் வெட்டி, தாள் பையில் தலைகீழாகப் போட்டு வீட்டுக்குள் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். அப்புறம் வெள்ளைத் தட்டின்மேல் கதிரை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேயுங்கள். ஒவ்வொரு பூவின் அடிக்கிண்ணத்திலிருந்தும் நாலு நாலாகக் கறுப்பு விதை உதிரும். உமியை மெல்ல ஊதிவிடுங்கள். பலமாக ஊதினால் விதையும் சேர்ந்து தாழ்வாரத்தில் பறக்கும். ஒன்றிரண்டை ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், வளையம் கட்டினால் முற்றிய விதை. மருந்து தெளித்த செடியின் விதை நடுவதற்கு மட்டும், குடிப்பதற்கு வேண்டாம்.

எனக்கு ஒரு செடியிலிருந்து இரண்டு தேக்கரண்டி வந்தது. பாதி அம்மாவின் டப்பாவுக்குப் போனது, பாதியை மக்சிக் வாங்கிப் போனார்.